உயிரோடு இருப்பவனுக்கு ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை என்றால் அது மீன்காரர்களின் பூசை. காலையில் மயிலாப்பூரும் ஆழ்வார்பேட்டையும் பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை லூப் ரோட்டுக்கு மீன் வாங்க வந்து நிற்கும்போது, கோயிலில் முழங்கால் போட யாருக்கு நேரம்? கடையைக் கழுவிவிட்டு, கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, அப்படியும் போகாத வாடையோடு சாயங்காலம் வந்து உட்காருவார்கள். மரியசெல்வமும் அப்படி வந்து ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மீன் அறுப்பது அவன் தொழில். நாளெல்லாம் குனிந்தே இருக்கிற முதுகு, பெஞ்சில் சாய்ந்ததும் தூக்கத்தைக் கேட்டது.

பீடத்துக்குப் பக்கத்தில் நின்று உபதேசியார் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். சூசைநாதன், அந்தோணியம்மாள், செங்கோல்மேரி, மிக்கேல் என்று இழுப்பாகப் போய்க்கொண்டிருந்த குரல் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. உபதேசியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"டில்லிபாபு," என்றார். பிறகு, "இவர்களுடைய ஆன்மாக்கள் நித்திய இளைப்பாற்றியில் சேர" என்று முடித்தார். கோயில் மொத்தமும் ஆமென் சொன்னது.

மரியசெல்வத்துக்குத் தூக்கம் போய்விட்டது. ஆன்மாவா? அவன் நன்றி சொல்லத்தானே அந்தப் பேரைப் போட்டான்?

நவம்பர் மாசம் பிறந்துவிட்டால் பீடத்தின் காலடியில் ஒரு அட்டைப்பெட்டி வைப்பார்கள். செத்துப்போனவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட்டால், அந்த மாசம் பூராவும் அவர்களுக்காகப் பூசை நடக்கும். குப்பத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். நன்றிக்குப் பெட்டி வேறு. அது வருஷம் முழுக்க அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே இருப்பது. மரியசெல்வம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலைப் பார்க்கிற ஆள். சமீபத்தில்தான் ஞாயிறுகளில் வர ஆரம்பித்திருந்தான். கண்ணில் பட்ட பெட்டியில் போட்டுவிட்டான். பேரை மட்டும் எழுதினான், எதற்கு என்று எழுதவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் பொண்டாட்டி ஜாஸ்மின் தலையைத் திருப்பி அவனைத் தேடினாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், அந்தப் பேரு நீ போட்டதா?"

"ஆமா."

"பூட்டானா?"

"தெரியல."

"தெரியாதா? தெரியாம இன்னாத்துக்கு செத்தவங்களோட சேத்த?"

"நன்றி சொல்லலாம்னு போட்டேன் ஜாஸ்மி. பெட்டி மாறிப்போச்சு."

அவள் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நன்றியா? அவனுக்கா? பசியோட கெடந்தப்போ நான் வாய் வலிக்கச் சாபம் வுட்டுக்கினு இருந்தேனே, அந்த டில்லிக்கா?"

"அவனுக்குத்தான்."

"என் சாபம் போதலைன்னு நீ பூசையே வெச்சிட்டியா. நல்லா கீதுயா நன்றி."

குப்பத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகாதவன் பேரை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு அவன் விழுவதற்குக் காத்திருந்தவர்கள் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று உண்டு. நம்பாதவர்களும் தங்கள் பேரை யாராவது போட்டால் சும்மா இருக்க மாட்டார்கள்.

மரியசெல்வம் திரும்பி உள்ளே போனான். மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம் விஷயத்தைச் சொல்லி, "படிச்சதைத் திருப்பி எடுக்க முடியுமா?" என்று கேட்டான்.

"அதெப்படிப்பா எடுக்கிறது? பாத்திரமா அது, திருப்பிக் கொடுக்க?" என்றார் அவர். "ஒண்ணும் ஆகாது. செத்திருந்தா ஆன்மாவுக்குச் சேரும், உயிரோட இருந்தா உடம்புக்குச் சேரும். சர்வேசுரனுக்கு விலாசம் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியணுமே."

"அதுக்குக் கோயில்ல நின்னா எப்படி? போய்ப் பாரு."

*

மரியசெல்வம் கடலுக்குப் போனால் வாந்தியெடுக்கிற மீனவன். அப்படி ஒருத்தன் ஒரு குப்பத்தில் பிறந்துவிட்டால் அவன் பாடு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பன் போன பிறகு படகில் ஒரு வருஷம் போனான், குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. கூட வந்தவர்கள் சிரித்துச் சிரித்து வலையை நழுவவிட்டார்கள். அதற்கப்புறம்தான் டிரைனேஜ் வேலைக்குப் போனான். நாற்றம் அவனுக்கு வாந்தி வரவழைக்கவில்லை. அலைதான் வரவழைத்தது.

அங்கே கிடைத்தவன் டில்லிபாபு. அடையாற்றங்கரைக் குடிசைக்காரன், இவனைவிட நாலைந்து வயசு மூத்தவன். தி.நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை என்று கான்ட்ராக்ட்காரர் சொல்கிற தெருவுக்குப் போவார்கள். மூடியைத் திறந்து விஷ கேஸ் போகக் காத்திருப்பார்கள், ஒரு கட்டிங் சாராயம் போடுவார்கள், ஒருவன் இறங்குவான். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே நிற்பவன் கையில் அதன் மறுமுனை. உள்ளே இருப்பவன் ஒரு தரம் சுண்டினால் வாளியைத் தூக்கு என்று அர்த்தம். விடாமல் சுண்டினால் ஆளைத் தூக்கு. சுண்டவே இல்லையென்றால்தான் மோசம். ஒரு நாள் இவன் இறங்கினால் மறுநாள் அவன். இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள். தெருக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தூக்கி ஊற்றுவார்கள், இவர்கள் கை குவித்துக் குடிப்பார்கள். பிறகு டில்லி அந்த வீட்டு அம்மா மாதிரி நடந்து காட்டுவான், இவன் புரண்டு புரண்டு சிரிப்பான்.

தீபாவளிக்கு முந்தின வாரம், தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அன்றைக்கு மரியசெல்வத்தின் முறை. அடைப்பில் மூங்கிலை விட்டுக் குத்தியதுதான் அவனுக்கு நினைவிருக்கிறது. கண் திறந்தபோது ரோட்டில் மல்லாந்து கிடந்தான். டில்லி அவன் மார்மேல் ஏறி உட்கார்ந்து மாறி மாறி அறைந்துகொண்டிருந்தான். கயிறு இழுத்து அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது.

இரண்டு நாள் படுத்துவிட்டு வேலைக்குப் போனால் கான்ட்ராக்ட்காரர், "உனக்கு வலிப்பு இருக்காமே. முன்னாடியே ஏன்டா சொல்லல? கிளம்பு," என்றார்.

"எனக்கா? யாரு சொன்னா?"

அவர் டில்லியைப் பார்த்தார். டில்லி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ஆமா சார், ரெண்டு மூணு தபா பாத்திருக்கேன். வாயில நொரை தள்ளும்," என்றான். இவன் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சு ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிற்று. வலிப்புக்காரனை எவன் குழிக்குள் இறக்குவான்? ஜாஸ்மின் அப்போது ஏழு மாசம். தன் மச்சானை வேலையில் சேர்க்க டில்லி செய்த வேலை இது என்று அவளே கண்டுபிடித்து ஊர் முழுக்கச் சொன்னாள், மரியசெல்வமும் அதையே நம்பினான். பிள்ளை பெற்ற உடம்போடு அவள் மீன் கூடை தூக்கினாள். அவன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கடைசியில் அவள்தான், "கடலுக்குப் போவ முடியாது, குழிக்குப் போவ முடியாது, கத்தி புடிக்கவாவது முடியுமா?" என்று கேட்டு இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெண்கள் வரிசையில் ஓர் ஆம்பளை உட்கார்ந்து மீன் கழுவுவதைப் பார்க்கக் கூட்டம் கூடிற்று. பாதி விரலை அறுத்துக்கொண்டு கற்றான். இன்றைக்கு அவனுக்கென்று பலகையும் தராசும் குடையும் இருக்கின்றன. அன்றைக்கு வயிற்றில் இருந்த பெண் இந்த வருஷம் ராயப்பேட்டையில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

போன மாசம் ரகுபதி மீன் வாங்க வந்தான். பழைய டிரைனேஜ் ஆள், இப்போது ஆழ்வார்பேட்டையில் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே மரியசெல்வம் நக்கலாகக் கேட்டான்:

"உங்க டில்லி எப்டி கீறான்? மச்சான் நல்லா சம்பாரிச்சானா?"

"எந்த மச்சான்?"

"அதான்பா, என்னியத் தொரத்திட்டு உள்ள இட்டாந்தானே."

ரகுபதி புரியாமல் பார்த்தான். "அவனுக்கு ஏது மச்சான்? அவன் பொண்டாட்டி அன்பு ஒண்டிப் பொண்ணு. உன் எடத்துக்கு ரொம்ப நாளு ஆளே வரல, நைனா. உன் மொறையும் சேத்து அவனேதான் எறங்குனான்."

கத்தி மீன் வயிற்றுக்குள் நின்றது.

"உனக்கு மெய்யாலுமே தெரியாதா?" என்றான் ரகுபதி. "அன்னிக்கு உன்னிய மேல தூக்குனதுக்கப்பால டீக்கடையில குந்திக்கினு அழுதான். 'அவன் பொண்டாட்டி வயித்தைத் தள்ளிக்கினு ரோட்டுல வருது, இவன் இனிமே எறங்கக்கூடாது'ன்னான். அத்த அவனாண்டயே சொல்லுடான்னோம். 'சொன்னா கேப்பானா? நாலு நாள் பசிச்சா வந்து நிப்பான். எந்தப் பக்கமும் வர முடியாம பண்ணணும்'னான். நாங்க அப்பவே சொன்னோம், அவன் உன்னியக் காறித் துப்புவான்டான்னு."

"அவன் இன்னா சொன்னான்?"

"'துப்பட்டும்'னான்."

அந்த மீனை எப்படி அறுத்துக் கொடுத்தான் என்பது மரியசெல்வத்துக்கு நினைவில்லை. டில்லி இப்போது எங்கே என்று கேட்டதற்கு ரகுபதி, "ஆத்தோரக் குடிசைய இடிச்சப்போ பெரும்பாக்கத்துல தூக்கிப் போட்டாங்க. அப்பால நான் பாக்கல," என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு மரியசெல்வம் தானாகவே கோயிலுக்குக் கிளம்பினான். ஜாஸ்மினுக்கு ஆச்சரியம். அன்றைக்குச் சாமியார் பிரசங்கத்தில், ஒவ்வொருவர் வழியையும் யாரோ ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டிருப்பார், அவரை அனுப்பியது கர்த்தர், அந்த முகத்தை இப்போது நினைத்துப் பாருங்கள், நன்றி சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தாயையோ ஸ்கூல் சிஸ்டரையோ நினைத்திருப்பார்கள். மரியசெல்வத்துக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓர் ஆள்தான் வந்தான். கர்த்தர் அனுப்புகிற சம்மனசு வெள்ளை அங்கி போட்டு இறக்கையோடு வரும் என்றுதான் சின்ன வயசில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டில்லி அன்றைக்கு இடுப்புவரை சாக்கடையைப் பூசிக்கொண்டிருந்தது வேறு.

அதன் பிறகு வந்த வாரம்தான் அவன் பேரை எழுதிப் பெட்டியில் போட்டான். ஜாஸ்மினிடம் ரகுபதி சொன்னதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அவள் விட்ட சாபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது இப்போது எல்லாவற்றையும் சொன்னான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள், "நாளைக்கு மார்க்கெட் காலியாத்தான் கெடக்கும். போய்ப் பாத்துட்டு வா," என்றாள்.

*

திங்கட்கிழமை காலையில் தன் பலகையில் இருந்த வஞ்சிரத்தில் நல்லதாக ஒன்றை எடுத்து ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

"உசுரோட இருந்தா குடு."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அவ கையில குடு. வெறுங்கையோட போய் நிக்காத."

அடையாறு போய் பஸ் மாறினான். ஓஎம்ஆரின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஊரே முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் வரிசை வரிசையாக எட்டு மாடிக் குடியிருப்புகள் நின்றன. ஒன்றைப் போலவே இன்னொன்று. இறங்கியதும் கடல்காற்று இல்லாதது அவனுக்குத் தெரிந்தது, மூக்கில் எதுவோ குறைகிற மாதிரி.

கேட்ட இடத்திலெல்லாம், "எந்த டில்லிபாபு?" என்றார்கள். டிரைனேஜ் டில்லி என்றால், "அதுலயே ரெண்டு பேரு கீறாங்க," என்றார்கள். வெயில் ஏறியது, ஐஸ் உருகிப் பை சொட்டியது. ஒவ்வொருவரிடமும் கேட்குமுன் அவர்கள் முகத்தைப் பார்த்தான். 'ஐயோ, அவரா' என்று ஒரு முகம் மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது. கேட்காமலே திரும்பிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தெரியாதவரைக்கும் டில்லி இருந்துகொண்டிருப்பான்.

குழாயடியில் ஒரு பெண், "பொண்டாட்டி அன்புச்செல்வியா? அடையாறுக்கு வூட்டு வேலைக்குப் போவுமே?" என்றாள்.

"அதேதான்மா. அவரு… கீறாரா?"

"கீறாரு. எங்க போவாரு, லிப்டே ஓடல. அந்த பிளாக்கு, எட்டாவது மாடி."

மரியசெல்வம் அங்கேயே மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினான்.

எட்டாவது மாடி நடையில், கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் சேர் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூச்சு விடுவது ஒரு வேலை போல, கைகளை முழங்காலில் ஊன்றி விட்டுக்கொண்டிருந்தான். மரியசெல்வம் எதிரில் போய் நின்றான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. ஏறியது பாதி காரணம்.

"இன்னாடா," என்றான் டில்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு. "தொப்பையெல்லாம் வெச்சிட்ட."

"டில்லி."

"பையில இன்னா சொட்டுது? எவனையாவது வெட்டிட்டு வந்துட்டியா?"

உள்ளேயிருந்து அன்புச்செல்வி எட்டிப் பார்த்தாள். அடையாறிலிருந்து அப்போதுதான் திரும்பியிருப்பாள் போல, கையில் பை இன்னும் இருந்தது. "செல்வமா நீ? வழி தெரிஞ்சுதா?" என்றாள். அந்தக் குரலில் வரவேற்பும் இருந்தது, கோபமும் இருந்தது.

உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் முதலில் பூசையைத்தான் சொன்னான். மறைத்து வைக்க அவனால் முடியவில்லை. அன்புச்செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"உசுரோட கீற ஆளுக்குக் கருமாதி பண்ணிட்டு மீனு எடுத்தாந்து கீறியா? நல்லா இருக்குதே உங்க சாமி. நான் இங்க மாத்திரை மாத்திரையா குடுத்துக் காப்பாத்திக்கினு கீறேன்."

"பெட்டி மாறிப்போச்சு அண்ணி."

டில்லி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, அவள் முதுகைத் தடவிவிட்டு அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் பின்னாடிதான் பண்ணுவாங்க. நீ முன்னாடியே முடிச்சிட்ட. செலவு மிச்சம் அன்பு," என்றான். பிறகு, "பேரு சொல்லியா படிச்சாங்க?" என்று கேட்டான்.

"ஆமா. மைக்குல."

"எப்டிப் படிச்சாங்க?"

மரியசெல்வம் தொண்டையைச் செருமி, உபதேசியாரைப் போல நிறுத்திச் சொன்னான். "டில்லிபாபு."

டில்லி தலையை ஆட்டிக்கொண்டான். "ஏய், தே, வாடான்னு இல்லாம மைக்குல முழுப் பேரையும் ஒரு ஆளு படிச்சிருக்கான். அத்தக் கேக்க நான் இல்ல பாரு."

அப்புறம்தான் மரியசெல்வம் வந்த விஷயத்துக்கு வந்தான். ரகுபதி சொன்னதைச் சொன்னான். தன் பெண் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னான். "நீ அன்னிக்கு அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா நான் இல்ல. அவ இல்ல. உன்னியக் கர்த்தர்தான் அனுப்பிச்சாரு எனக்கு. அதுக்கு நன்றி சொல்லத்தான்…" என்று ஆரம்பித்தவன், அதற்கு மேல் மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்து நின்றான்.

டில்லி நடையின் கம்பிக்கு வெளியே பார்த்தான்.

"உங்க சாமியெல்லாம் அனுப்பல. நான் பயந்துட்டேன், அவ்ளோதான். நீ உள்ள இருந்த, கயிறு சுண்டவே இல்ல. இழுத்தா கனமா வருது, ஆளு வர மாதிரி இல்ல. அப்பால உன் கயித்தைப் புடிச்சிக்கினு நிக்க என்னால ஆவாதுன்னு தெரிஞ்சி போச்சு. நீ செத்தா நான்தான சாவணும், உன் பொண்டாட்டி மூஞ்சியில முழிச்சி? எனக்கு நிம்மதி வேணும்னு உன்னியத் தொரத்துனேன். நன்றியெல்லாம் வேணாம், வுடு."

"வேணாம்னா எப்டி? நான் எங்க கொண்டு போறது அத்த?"

"எங்கனா கொண்டு போ." மூச்சு வாங்கினான். "மூச்சு முட்டுற வரைக்கும் நான் எறங்கினேன்டா. மெஷின் வந்துச்சுன்னாங்க, அப்பவும் சந்துக்குள்ள மெஷின் வராதுன்னு எங்களத்தான் இட்டுக்கினு போனாங்க. எத்தினி பேரு எனக்குக் கயிறு புடிச்சிருப்பானுங்க. ஒருத்தனாவது இவனுக்கு வலிப்புன்னு சொல்லியிருக்கலாம். எவனும் சொல்லல."

அன்புச்செல்வி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றான் மரியசெல்வம்.

"நீதான் இல்லியே." டில்லி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தான். "ஒரு தபா மயிலாப்பூர்ல, தேரு அன்னிக்கு, கொளத்தாண்ட எதுக்கால வந்த. பொண்ணைத் தோள்ல தூக்கிக்கினு. நான் கை தூக்கினேன். மூஞ்சியத் திருப்பிக்கினு பூட்ட."

மரியசெல்வத்துக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"உன் மேல ரொம்பக் கோவம் டில்லி. தெனமும் திட்டுவோம், நானும் அவளும்."

"திட்டுறதுக்காவது வந்திருக்கலாமேடா," என்றான் டில்லி.

மரியசெல்வத்துக்கும் இப்போது அதுதான் தோன்றியது. பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு தரம் நின்றிருந்தால் போதும். சட்டையைப் பிடித்திருந்தாலும் போதும். அடித்துக்கொண்டிருப்பார்கள், உண்மை வெளியே வந்திருக்கும், அதே தூக்குச்சட்டியில் மறுபடியும் சாப்பிட்டிருப்பார்கள். இவனையும் கத்தி பிடிக்க வைத்திருக்கலாம். பக்கத்துப் பலகையில் இவன் உட்கார்ந்து, மீன் வாங்க வருகிற அம்மாக்களைப் போல நடந்து காட்டிக்கொண்டு இருந்திருப்பான். இத்தனை வருஷமும் ஒரு பக்கம் சாபமும் இன்னொரு பக்கம் இருமலுமாகப் போய்விட்டது.

மரியசெல்வம் எழுந்து, "அண்ணி, கத்தி குடு," என்றான்.

வீட்டு அருவாமனை மொண்ணை. இடுப்பில் சுருட்டி எடுத்து வந்திருந்த தன் கத்தியையே எடுத்து, நடையிலேயே பேப்பரை விரித்து உட்கார்ந்தான். வால், துடுப்பு, வயிறு. டில்லி நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தான். மரியசெல்வம் சாதாரணமாக அறுப்பதைவிட மெதுவாக அறுத்தான். துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்தன. தலையைத் தனியே பிளந்து குழம்புக்கு வைத்தான். டில்லி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து நின்று பார்த்தார்கள்.

"யாரு டில்லி இது?" என்றார் ஒருவர்.

"நம்ம ஆளு," என்றான் டில்லி. "கடலுக்குப் போனா வாந்தி எடுப்பான். ஆனா மீனு நல்லா அறுக்குறான் பாரு."

*

சாப்பிட்டு முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டில்லி இரண்டு துண்டு தின்றான். அவன் இரண்டு துண்டு தின்று மாசக்கணக்காகிறது என்று அன்புச்செல்வி தட்டை எடுக்கும்போது சொன்னாள். அவள் குரலில் கோபம் குறைந்திருந்தது.

மரியசெல்வம் கிளம்பினான். டில்லி, "நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்," என்றான்.

"பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றாள் அன்புச்செல்வி. "கடைசியா ஆஸ்பத்திரிக்கு எறங்கினதுதான். அன்னிக்கே நாலு பசங்க தூக்கிக்கினு வந்தாங்க."

"கீழ பாக்கணும்டி. மேலர்ந்து பாத்தா எல்லாம் எறும்பு மாதிரி கீது."

மரியசெல்வம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டில்லிக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். டில்லியின் இரண்டு கைகளும் மெதுவாக வந்து மரியசெல்வத்தின் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.

கனமே இல்லை. காலி ஐஸ்பெட்டியைத் தூக்குகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினான், தனக்காக இல்லை, டில்லி மூச்சு வாங்குவதற்காக. காதுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"மீன் வாடை அடிக்குதுடா உன் மேல," என்றான் டில்லி.

"எவ்ளோ தேச்சாலும் போவாது."

"போவ வேணாம்."

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் அவனை இறக்கி உட்கார வைத்தான். இரண்டு டீ சொன்னான். வேலை முடிந்து பெண்கள் ஊருக்குள்ளிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் சைக்கிளில் சுற்றினார்கள். டில்லி டீயைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் அடையாறு என்று போட்டு ஒரு பஸ் வந்து நின்றது.

"ஏறு," என்றான் டில்லி. "வுட்டா அடுத்தது லேட்டாவும்."

"நான் ஏறிட்டா உன்னிய யாரு மேல தூக்கிக்கினு போறது?"

டில்லி யோசித்தான். அதை இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. "அட ஆமா," என்றான்.

பஸ் கிளம்பியது. அது திரும்புகிறவரை டில்லி தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து வந்ததில் தி.நகர் என்று இருந்தது. அதை வாய்விட்டுப் படித்தான். மரியசெல்வம் அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டு இன்னும் இரண்டு டீ சொன்னான்.